ஆளுக்குப் பாதி: குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா



கவிஞரின் பெயரை அறியாமலேயே அவருடைய பாட்டை நாடு முழுவதும் பாடுவது என்பது எல்லாக் கவிஞர்களுக்கும் கிட்டும் பேறு அன்று. நம் வீடுகளில் மழலை பேசத் தொடங்கும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, வட்டமான தட்டையும் அதில் நிறைந்திருக்கும் லட்டையும் பற்றிப் பாடாத தாய் உண்டா? சேலத்து மல்கோவா மாம்பழத்தைப் பற்றிப் பாடிக் கைதட்டாத முதல் வகுப்புப் பிள்ளைதான் உண்டா? இந்தப் பாடல்களை இயற்றியவர் யார் என்று கேட்டால் மட்டும் பலரும் விழிப்பர். அவர்தாம் குழந்தைக் கவிஞர் என்று தமிழகம் அன்போடு அழைத்த அழ. வள்ளியப்பா. அவருடைய வாழ்க்கையை, சிறப்பாக எழுத்தார்வம் கொண்ட பெண் பிள்ளைகள், அறிந்துகொள்வது நலம்.

பிறப்பும் இளமையும்

புதுக்கோட்டைச் சீமையில் இராயவரம் என்னும் சிற்றூர் உள்ளது. நகரத்தார் வாழும் அவ்வூரில் 1922ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் அழகப்பச் செட்டியாருக்கும் உமையாள் ஆச்சிக்கும் மகனாக வள்ளியப்பா பிறந்தார். தொடக்கக் கல்வியை உள்ளூர்க் காந்தி பாடசாலையில் கற்றார். உயர்நிலைக் கல்விக்காக அருகிலுள்ள இராமச்சந்திரபுரம் சென்றார். தோழர்களோடு நடந்து போகும் அந்தப் பாதையே அவருக்குப் பாட்டுப் பள்ளியாயிற்று. வழியில் கண்டதை எல்லாம் அந்தக் கணமே பாட்டாகக் கட்டிப் பாடுவார். கூட வரும் தோழர்கள் அதைத் திருப்பிப் பாடுவார்கள். அப்போது அவருக்கு வயது 13. புலவரிடம் யாப்பு பயின்று எழுதிய பாட்டு அன்று அது. நடைக்கு ஏற்ற தாளத்தில், நண்பர்கள் உடனே பிடித்துக்கொள்ளும் சொற்களில் பிறந்த பாட்டு. பிற்காலத்தில் அவர் எழுதியவை அனைத்திலும் அந்த நடைத்தாளம் கேட்கும்.

கல்லூரிப் படிப்புக்கு வாய்ப்புக் கிட்டவில்லை. 1940ஆம் ஆண்டு பிழைப்புத் தேடிச் சென்னைக்குச் சென்றார். அதே இராயவரத்தைச் சேர்ந்த வை. கோவிந்தன் அப்போது சென்னையில் சக்தி காரியாலயத்தை நடத்தி வந்தார். நல்ல நூல்களை ஏழையும் வாங்கும் விலையில் கொடுக்க வேண்டும் என்று உழைத்த பெருமகன் அவர். அவருடைய அலுவலகத்தில் வள்ளியப்பாவுக்குப் பணம் வாங்கிக் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது.

கணக்கு எழுதிக்கொண்டிருந்த இளைஞனுக்குள் ஓர் எழுத்தாளன் இருப்பதைக் கண்டுகொண்டவர் சக்தி இதழின் ஆசிரியர் தி. ஜ. ரங்கநாதன். தி. ஜ. ர. என்று அறியப்பட்ட அந்த நல்லாசிரியர், நீயும் எழுது என்று வள்ளியப்பாவைத் தூண்டினார். அந்தத் தூண்டுதலால் பிறந்த முதல் கதையின் பெயர் ஆளுக்குப் பாதி. பெயரைப் பாருங்கள்! பின்னாளில் அவர் செய்த பணி அனைத்தையும் அந்த இரண்டு சொற்களில் அடக்கிவிடலாம்.

வங்கியில் கணக்கு, வீட்டில் பாட்டு

1941ஆம் ஆண்டு வள்ளியப்பா இந்தியன் வங்கியில் சேர்ந்தார். அந்த வங்கியிலேயே ஏறத்தாழ 40 ஆண்டுகள் பணியாற்றினார். பகலெல்லாம் பேரேடுகளில் எண்களோடு உழைத்தார். எஞ்சிய நேரத்தைக் குழந்தைகளுக்குக் கொடுத்தார். எழுத நேரமில்லை என்று ஒருவர் சொன்னால், இந்த 40 ஆண்டுகளை அவருக்கு நினைவூட்டலாம். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைப் பாடல்களும், கதைகளும், கட்டுரைகளும், வாழ்க்கை வரலாறுகளும் அலுவலகம் முடிந்த பின் கிடைத்த பொழுதில் விளைந்தவையே.

1944ஆம் ஆண்டு 23 பாடல்கள் கொண்ட சிறு நூலாக மலரும் உள்ளம் வெளிவந்தது. பின்னர் அது வளர்ந்து பெரிய தொகுதிகளாயிற்று. ஈசாப்பின் கதைகளைப் பாட்டாக்கினார். காந்தியடிகளின் வாழ்வைக் குழந்தைகள் பாடும் வண்ணம் பாட்டிலே காந்தி கதை என்று எழுதினார். பெரியோர்கள் சிறுவராய் இருந்தபோது நடந்த நிகழ்ச்சிகளைத் தொகுத்துச் சின்னஞ்சிறு வயதில் என்னும் நூலை அளித்தார். பர்மா ரமணி என்ற நெடுங்கதையை எழுதினார். இந்திய ஆறுகளைப் பற்றி அவர் எழுதிய நம் நதிகள் என்னும் நூலை நேஷனல் புக் டிரஸ்ட் நிறுவனம் பல இந்திய மொழிகளில் வெளியிட்டது. இராயவரத்துப் பிள்ளை எழுதியதை வங்காளத்துப் பிள்ளையும் பஞ்சாபுப் பிள்ளையும் தம் தம் மொழியில் படித்தனர்.

எட்டு லட்டும் ஒரு தட்டும்

அவர் பாட்டின் அழகை அறிய, நாம் அனைவரும் அறிந்த லட்டுப் பாட்டையே எடுத்துக்கொள்வோம். தட்டில் எட்டு லட்டுகள் இருக்கின்றன. கிட்டு என்னும் சிறுவன் அவற்றில் பாதியை எடுத்துக்கொண்டு, மீதியை விட்டுவைக்கிறான். அந்த மீதியைத் தங்கை பட்டு எடுத்துப் பிட்டுப் பிட்டு வாயில் போட்டுக்கொள்கிறாள். முடிவில் இருவருக்கும் நான்கு நான்கு; தட்டு காலி. இவ்வளவுதான் பாட்டு.

முதலில் அதன் ஓசையைக் கவனியுங்கள். தட்டு, லட்டு, எட்டு, கிட்டு, பட்டு என்று சொற்கள் வரிசையாக வருகின்றன. அடிதோறும் இரண்டாம் எழுத்து ஒன்றி வருவதை எதுகை என்று இலக்கண வகுப்பில் படிக்கிறோம். மூன்று வயதுக் குழந்தைக்கு எதுகை என்ற பெயர் தெரியாது. ஆனால் அதன் இனிமை தெரியும். அடுத்து அதிலுள்ள கணக்கைக் கவனியுங்கள். எட்டில் பாதி நான்கு என்பதைப் பிரம்பும் கரும்பலகையும் இல்லாமல் அந்தப் பாட்டு கற்றுக்கொடுத்துவிடுகிறது. வங்கிப் பேரேட்டில் பழகிய கை அல்லவா!

மூன்றாவதாக ஒன்று உண்டு. நம் பெண் பிள்ளைகள் அதைத்தான் முக்கியமாகக் காணவேண்டும். அண்ணனுக்கு நான்கு என்றால் தங்கைக்கும் நான்கு. அண்ணன் ஆண் பிள்ளை, அவனுக்கு ஆறு, பட்டு பெண் பிள்ளை, அவளுக்கு இரண்டு போதும் என்று கவிஞர் எழுதவில்லை. பெண்ணுக்குச் சமபங்கு என்று மேடையேறி முழங்கவும் இல்லை. லட்டைச் சரிபாதியாக எண்ணி வைத்துவிட்டு நகர்ந்துவிட்டார். பாடிப் பழகிய பிள்ளைக்கு அதுவே இயல்பாகிவிடும். நல்ல குழந்தைப் பாட்டு அறிவுரையைச் சொல்லாமலே உணர்த்திவிடும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுமா?

மாம்பழப் பாட்டும் அப்படித்தான். பழத்தின் அழகையும் இனிப்பையும் சொல்லிச் சொல்லி நம் நாவில் நீர் ஊறச் செய்துவிட்டு, முடிவில் எல்லாரும் ஓடி வாருங்கள், பங்கிட்டு உண்போம் என்று அழைத்து முடிகிறது. கையில் பழம் உள்ளவன் கதவைச் சாத்திக்கொள்வதில்லை.

இந்தப் பண்பு நம் வட்டாரத்துக்குப் புதிதன்று. தீபாவளிக்கு அதிரசமும் முறுக்கும் சுட்டால் முதல் தட்டு அண்டை வீட்டுக்குப் போகும். கிறிஸ்துமஸுக்குக் கேக்கும் கலகலாவும் செய்தால் தெரு முழுவதும் தட்டு சுற்றி வரும். சாத்தூர்ச் சேவும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் வாங்கி வருபவர் ஒரு பொட்டலத்தைப் பக்கத்து வீட்டுக்கும் சேர்த்தே வாங்குவார். வந்த தட்டை வெறுந்தட்டாகத் திருப்பி அனுப்பக்கூடாது என்று நம் பாட்டிமார் சொல்லி வைத்திருக்கிறார்கள். அடுக்களையில் பிறந்த இந்த அறத்தை ஏட்டில் ஏற்றியவர் வள்ளியப்பா.

பக்கத்தையும் பகிர்ந்தவர்

லட்டைப் பகிர்வதைப் பற்றிப் பாடுவது எளிது. தனக்குக் கிடைத்த புகழையும் இடத்தையும் பிறரோடு பகிர்வது அரிது. வள்ளியப்பா அதையும் செய்தார்.

பாரதியார் பாப்பாவுக்குப் பாடினார். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை குழந்தைகளுக்காகத் தேன்சுவைப் பாடல்கள் தந்தார். ஆயினும் குழந்தைகளுக்காகவே எழுதுவது ஒரு தனித்துறை என்ற எண்ணம் பரவலாக இல்லை. பெரியவர்களுக்கு எழுதிக் களைத்தவர்கள் பொழுதுபோக்காகச் செய்யும் வேலை என்றே பலர் நினைத்தனர். இந்த நிலை மாறவேண்டுமானால் தனி ஒருவர் எழுதினால் போதாது. எழுதுவோர் கூட்டம் ஒன்று உருவாக வேண்டும் என்று வள்ளியப்பா கருதினார். அதன் பயனாக 1950ஆம் ஆண்டு குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்றியது. அதன் உயிர்நாடியாக இருந்து அவர் உழைத்தார். பூவண்ணன், தம்பி சீனிவாசன் போன்றோர் அந்தப் பணியில் தோள் கொடுத்தனர்.

சங்கம் கூட்டங்கள் நடத்தியது. குழந்தை நூல்களுக்குக் கண்காட்சி வைத்தது. போட்டிகள் நடத்திப் பரிசளித்தது. குழந்தை எழுத்தாளர்கள் யார், எவர் என்று நாட்டுக்கு அறிமுகப்படுத்தும் நூலையும் வெளியிட்டது. எங்கோ ஒரு சிற்றூரில் இருந்துகொண்டு பாட்டெழுதும் ஆசிரியர் ஒருவர், தம் பெயர் அச்சில் மற்ற எழுத்தாளர் பெயரோடு இருப்பதைக் கண்டால் எவ்வளவு ஊக்கம் கொள்வார்! தான் தனியாள் அல்லள் என்று அறிவது, எழுதத் தொடங்கும் பெண்ணுக்கும் பெரிய துணை.

அந்தக் காலம் குழந்தை இதழ்களின் பொற்காலம். 1947இல் தமிழில் அம்புலிமாமா வந்தது. 1950இல் கண்ணன் வந்தது. இன்னும் பல சிற்றிதழ்கள் பூத்துக் குலுங்கின. வள்ளியப்பாவும் பாலர் மலர், சங்கு முதலிய இதழ்களில் ஆசிரியப் பணி செய்தார். 1950களின் தொடக்கத்தில் பூஞ்சோலை இதழை நடத்தினார். வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 1980களில், கோகுலம் இதழின் கௌரவ ஆசிரியரானார். ஓய்வுக்காலம் என்று சாய்வு நாற்காலியில் சாய்ந்துவிடாமல், குழந்தைகளின் இதழுக்கே மறுபடியும் வந்து சேர்ந்தார். இளைஞனாக இருந்தபோது ஓர் ஆசிரியரின் தூண்டுதலால் எழுத வந்தவர், முதுமையில் தாமே ஆசிரியராக இருந்து பிஞ்சு எழுத்தாளர்களுக்கு இடம் தந்தார். தி. ஜ. ர. கொடுத்த தட்டை அவர் வெறுந்தட்டாகத் திருப்பவில்லை.

இவர் மகள் தேவி நாச்சியப்பனும் ஆசிரியையாகவும் குழந்தை எழுத்தாளராகவும் விளங்குகிறார். குழந்தை இலக்கியப் பணிக்காக 2019ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் விருது பெற்றார். தந்தையின் பேனா மகளுக்கும் கிடைத்தது. இங்கும் ஆளுக்குப் பாதிதான்.

நம் மாவட்டமும் அவர் பாட்டும்

வள்ளியப்பா பிறந்த அதே 1922ஆம் ஆண்டில்தான் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீக்குச்சித் தொழிலைக் கற்றுவரக் கல்கத்தாவுக்குப் புறப்பட்டார்கள். அவர்கள் கொண்டுவந்த தொழில் வானம் பார்த்த இந்தக் கரிசல் பூமிக்குச் சோறு போட்டது. தீப்பெட்டிக்கு லேபில் வேண்டும். பட்டாசுக்கு வண்ணத்தாள் வேண்டும். அதனால் அச்சுத்தொழிலும் வளர்ந்தது. நாட்டின் பல பகுதிகளுக்கும் நாட்காட்டியும் நாட்குறிப்பும் பாடநூலும் அச்சிட்டுக் கொடுக்கும் ஊராகச் சிவகாசி உயர்ந்தது.

ஆனால் அந்த வளர்ச்சிக்குப் பின்னால் ஒரு துயரமும் இருந்தது. ஒரு தலைமுறைக்கு முன்பு வரை, விடியும் முன்பே ஊர் ஊராக வந்து நிற்கும் தொழிற்சாலைப் பேருந்துகளில் சின்னஞ்சிறு பிள்ளைகள் ஏறிப் போனார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் சிறுமியர். சட்டங்களில் குச்சி அடுக்கியும், பெட்டி ஒட்டியும், லேபில் ஒட்டியும் அவர்களுடைய குழந்தைப் பருவம் கழிந்தது. வண்ண வண்ணப் படங்களை ஒட்டிய கைகளுக்கு அந்தப் படத்தின் கீழிருந்த எழுத்தைப் படிக்கத் தெரியாது. புத்தகங்கள் அச்சாகும் ஊருக்கு அருகிலேயே புத்தகம் இல்லாத குழந்தைகள் இருந்தார்கள். எட்டு லட்டில் ஒன்றுகூட அந்தப் பட்டுக்கு வந்து சேரவில்லை.

அண்ணனைப் படிக்க அனுப்பிவிட்டுத் தங்கையை வேலைக்கு அனுப்பிய வீடுகள் பல. அதைக் கொடுமை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. மழை பொய்த்த வீட்டில் அடுப்பு எரியவேண்டும் என்ற கட்டாயம் அது. ஆனால் அடுப்புக்கு விறகாக எப்போதும் பெண் பிள்ளையின் படிப்பே போயிற்று என்பதை நாம் மறக்கலாகாது.

இந்த மாவட்டத்தின் தலைமகன் காமராசர் விருதுநகரில் 1903ஆம் ஆண்டு பிறந்தவர். பள்ளிப் படிப்பைப் பாதியிலே விட்டவர். முதலமைச்சரான பின், பசித்த பிள்ளை படிக்காது என்பதை உணர்ந்து, 1956ஆம் ஆண்டு பள்ளிகளில் மதிய உணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தார். ஊர்தோறும் பள்ளிகள் திறக்கப்பட்டன. குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளி வாசலை மிதித்த பிள்ளைகள் இலட்சக்கணக்கில் வந்தார்கள். அவர்கள் தட்டில் சோறு விழுந்தது. நாவில் பாட்டும் விழவேண்டுமே! அந்தத் தலைமுறைக்குப் பாடநூல்களின் வழியாகவும் ஆசிரியைகளின் குரல் வழியாகவும் பாட்டுக் கொடுத்தவர்களில் வள்ளியப்பா முன்னவர். அவர் எழுதிய தமிழ், வீட்டில் ஏடே இல்லாத பிள்ளைக்கும் புரிந்தது. அகராதி தேடவேண்டிய சொல் அதில் இல்லை.

குழந்தைத் தொழிலாளரைத் தடை செய்யவும் நெறிப்படுத்தவும் 1986ஆம் ஆண்டு மத்திய அரசு சட்டம் இயற்றியது. அதன் பின்னர் பல்லாண்டு உழைப்பினால் நிலைமை பெரிதும் மாறியது. இன்று இந்தப் பக்கத்தைப் படிக்கும் உங்களில் சிலருடைய பாட்டியோ அம்மாவோ லேபில் ஒட்டியவராக இருக்கலாம். அவருக்குக் கிடைக்காத பாதி உங்கள் கையில் வந்திருக்கிறது.

புகழும் மறைவும்

1982ஆம் ஆண்டு மதுரை காமராசர் பல்கலைக்கழகம் வள்ளியப்பாவுக்குத் தமிழ்ப் பேரவைச் செம்மல் என்னும் சிறப்பை வழங்கியது. பெரிய பெரிய ஆராய்ச்சிகள் நடக்கும் பல்கலைக்கழகம், லட்டையும் மாம்பழத்தையும் பாடியவரை அழைத்துப் பெருமை செய்தது. குழந்தை இலக்கியம் பல்கலைக்கழகங்களில் பாடமாக வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் விருப்பம். அதை வலியுறுத்திப் பேசி வந்தார். 1989ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள் அவர் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 66. 2022ஆம் ஆண்டு அவர் பிறந்து நூறாண்டு நிறைந்தது. குழந்தைகள் வளர்ந்து பெற்றோராகி, பெற்றோர் தாத்தா பாட்டியாகி, அந்த மடிகளிலும் அதே பாட்டுகள் ஒலிக்கின்றன.

எழுத விரும்பும் மாணவியருக்கு

அவர் வாழ்விலிருந்து எழுத விரும்பும் மாணவியர் கற்கவேண்டியவை சில உண்டு.

கண்ணில் படுவதை எழுதுங்கள். அவர் நடந்த பாதையையும் உண்ட பண்டத்தையும் பாடினார். உங்களுக்குக் கரிசல் காடும், பருத்திச் செடியும், அச்சகத்து மை மணமும், தீபாவளிக்கு முந்திய மாதங்களில் ஊர் முழுவதும் பரபரக்கும் பட்டாசு வேலையும் இருக்கின்றன. இவை வேறு ஊர்ப் பிள்ளைக்குக் கிடைக்காத செல்வம்.

எளிய சொல்லால் எழுதுங்கள். எளிமை என்பது அறிவுக்குறைவு அன்று. தம்பிக்குப் புரியாத சொல்லை வைத்து ஆசிரியையை வியக்கவைப்பதைவிட, தம்பிக்குப் புரியும் சொல்லால் அவனைச் சிரிக்கவைப்பது கடினம். அந்தக் கடினமான வேலையைத்தான் வள்ளியப்பா வாழ்நாள் முழுவதும் செய்தார்.

எழுதியதைப் பாடிப் பாருங்கள். நாவில் தடுக்கும் இடத்தில் சொல்லை மாற்றுங்கள். பெரிய உபதேசம் வேண்டாம். லட்டைச் சரியாக எண்ணி வையுங்கள், போதும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கிடைத்ததைப் பகிருங்கள். உங்கள் கவிதை இந்த மலரில் அச்சேறினால், அடுத்த ஆண்டு அந்த இடத்துக்கு உங்களைவிட இளைய ஒருத்தியை எழுதச் சொல்லித் தூண்டுங்கள். பக்கத்து இருக்கையில் எழுதத் தயங்கும் தோழிக்கு ஒரு தாளும், நீயும் எழுது என்ற ஒரு சொல்லும் கொடுங்கள். அந்த ஒரு சொல்தான் ஒரு கணக்கரைக் கவிஞராக்கியது.

இந்த விடுமுறையில் ஒரு சிறு முயற்சி செய்யுங்கள். உங்கள் வீட்டுப் பாட்டியின் அருகில் அமர்ந்து, அவர் செய்யும் பலகாரம் ஒன்றை எப்படிச் செய்கிறார் என்று கேளுங்கள். அவர் எந்த வயதில் வேலைக்குப் போனார், எந்த வகுப்போடு படிப்பு நின்றது என்பதையும் கேளுங்கள். கேட்டதை எட்டு வரிகளில் எழுதி, அவருக்கே படித்துக் காட்டுங்கள். பலகாரம் அவருடையது, எழுத்து உங்களுடையது. ஆளுக்குப் பாதி.